படகின் பின்னால் இழுக்கும் நீர்ப்பலகை: வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

சிறு வயதில் படகின் பின்னால் பலகை கட்டி வழுக்கி விளையாடியவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்றைச் செய்துகொடுக்க ஆசைப்படுகிறார்கள். பலகையின் நிறமும் முகத்தில் அடித்த தண்ணீரும் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கயிறு எந்த இடத்தில், மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்பது மட்டும் நினைவிருக்காது. பலகை நீரின் மேல் ஓடுமா, மூக்கைக் குத்தி மூழ்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கயிறுதான். மரவேலையில் சிறு பிழை இருந்தால் பட்டி வைத்து மறைக்கலாம். கயிற்றில் பிழை இருந்தால் முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

இங்கே சொல்லப்படுவது ஒருவர் மண்டியிட்டோ நின்றோ போகக்கூடிய, 1800 மி.மீ. நீளமும் 580 மி.மீ. அகலமும் கொண்ட பலகை. படகு இழுப்பது பலகையை. ஏறியவர் பலகையிலிருந்து வரும் தனிக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். கால்வார், இடுப்புப் பட்டை, மணிக்கட்டு வளையம் என ஆளைப் பலகையோடு பிணைக்கும் எதுவும் இதில் கிடையாது. விழுந்தால் உடனே விடுபட வேண்டும். கை வேலை மூன்று நாளில் முடிந்துவிடும். பசையும் பெயிண்டும் இறுக நேரம் எடுக்கும் என்பதால் மொத்தம் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

1. மரம் வாங்கும் முன் படகையும் நீரையும் பாருங்கள்

பலர் பலகையைச் செய்து முடித்த பிறகே படகில் கயிறு கட்ட இடம் தேடுகிறார்கள். அதை முதலில் செய்யுங்கள். படகின் பின்தட்டில், அதன் இரு பக்கமும், உட்புறம் பெரிய வாஷரோ தகடோ வைத்து போல்ட் போட்ட வளையங்கள் இருக்க வேண்டும். வெறும் திருகாணியில் நிற்கும் கொக்கி திடீர் இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு மூலையில் மட்டும் கட்டினால் படகு அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். எஞ்சினில் கயிறு கட்டவே கூடாது.

நாலு, நாலரை மீட்டர் நீளமுள்ள இலகுவான படகு என்றால் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் ஒருவரை இழுக்கப் போதும். அதிகத் திறன் இருந்தால் வேகமாகப் போகத்தான் தோன்றும். இந்தப் பலகைக்கு அந்த வேகம் தேவையில்லை.

நீரின் ஆழம், விழக்கூடிய எல்லா இடத்திலும் குறைந்தது 2 மீட்டர் இருக்கட்டும். படகுப் பாதையின் இரு பக்கமும் கயிற்று நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். 18 மீட்டர் கயிறு என்றால் பக்கத்துக்கு 36 மீட்டர். திருப்பத்தில் பலகை சவுக்கின் நுனி போல வெளியே வீசப்படும் என்பதால் இந்தக் கணக்கு. அந்த நீர்நிலையில் இழுவை விளையாட்டுக்கு அனுமதி உண்டா, எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தேவையானவை

- 6 மி.மீ. மரைன் பிளைவுட், 2440 × 1220 மி.மீ. தாள்: 2
- எபாக்சி ரெசினும் அதற்குரிய ஹார்டனரும்: ஒட்டுவதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ, பூசுவதற்கு இன்னொரு கிலோ
- எபாக்சியைக் கெட்டியாக்கச் சிலிக்கா தூள் அல்லது மிக நுண்ணிய மரத்தூள்
- 10 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு: 25 மீட்டர்
- 8 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு: 3 மீட்டர்
- துளை 12 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ. உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர்: 2
- 32 மி.மீ. தடிமனும் 300 மி.மீ. நீளமும் உள்ள உருண்டைக் கட்டை: 1
- 5 அல்லது 6 மி.மீ. ஈவிஏ ஃபோம் விரிப்பு, நீர் தாங்கும் கான்டாக்ட் பசை
- பிரைமர், ஆரஞ்சு அல்லது மஞ்சள் வெளிப்புறப் பெயிண்ட்
- கிளாம்ப் பத்து, கெட்டியான பாலிதீன் தாள், கையுறை, முகமூடி

பிளைவுட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பி.எஸ். 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தர அளவு) முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில் ஒட்டுப்பசை நீரில் இளகாது, உள்ளடுக்குகளில் பெரிய ஓட்டைகளும் இருக்காது. சாதாரணப் பிளைவுட்டின் உள்ளே ஒரு விரல் நுழையும் வெற்றிடம்கூட இருக்கலாம். சரியாக அந்த இடத்தில் கயிற்றுத் துளை வந்தால் பலகை அங்கேயே கிழியும்.

கயிறு ஏன் பாலிப்ரொப்பிலீன்? அது மிதக்கும். நைலான் மூழ்கும், போய் புரொப்பெல்லரில் சுற்றும். மேலும் ரப்பர் போல நீண்டு, அறுந்தால் படகில் இருப்பவர் முகத்துக்கே திரும்பி வரும். 10 மி.மீ. கயிறு அளவுக்கு மீறியதாகத் தெரியலாம். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரை குறைகிறது, வெயிலில் இன்னும் குறைகிறது. ஒருவர் ஏறும் இழுவைக்கு 680 கிலோ தாங்கும் கயிறு வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். முடிச்சு போட்ட பிறகும் அது மிஞ்ச வேண்டுமென்றால் 10 மி.மீ. தேவை.

3. மூக்கை வளைக்க ஓர் அச்சு

18 மி.மீ. தட்டைப் பலகையை அப்படியே வெட்டி எடுத்தால் வேலை எளிது. ஓடும்வரை அது ஓடவும் செய்யும். படகு சற்றே வேகம் குறைந்தாலோ, ஏறியவர் ஒரு சாண் முன்னே நகர்ந்தாலோ தட்டை மூக்கு நீருக்குள் குத்தும். பலகை நிற்கும், ஆள் நிற்க மாட்டார். அதனால் மூன்று 6 மி.மீ. அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, மூக்கை 75 மி.மீ. மேல்நோக்கி வளைத்துக்கொள்கிறோம். மெல்லிய தாள் ஆவி காட்டாமலே வளையும். பசை இறுகியதும் வளைவு அப்படியே நிலைக்கும்.

நேரான, முறுக்கில்லாத 2 மீட்டர் மேசையோ பழைய கதவோ அடித்தளமாகட்டும். அதில் குறுக்காக ஐந்து கட்டைகளைப் பதியுங்கள். வளைவு தொடங்கும் கோட்டிலிருந்து தூரமும் கட்டையின் உயரமும் இப்படி:

- 150 மி.மீ. தூரத்தில் 9 மி.மீ.
- 225 மி.மீ. தூரத்தில் 21 மி.மீ.
- 300 மி.மீ. தூரத்தில் 38 மி.மீ.
- 375 மி.மீ. தூரத்தில் 59 மி.மீ.
- 450 மி.மீ. தூரத்தில் 85 மி.மீ.

75 வேண்டும் என்றால் 85 எதற்கு? அச்சிலிருந்து எடுத்ததும் பலகை கொஞ்சம் நிமிரும். ஒரே தடிமனுள்ள மூன்று அடுக்கில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வளைவு போய்விடும். இரண்டு அடுக்கு என்றால் நாலில் ஒரு பங்கு போகும். மூன்றாகப் பிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டைகளின் மேல்முனையை வளைவுக்கு ஏற்றபடி சாய்வாகச் சீவி, அச்சு முழுவதையும் பாலிதீனால் மூடுங்கள். பாலிதீனை மறந்தால் பலகையும் மேசையும் ஒரே பொருளாகிவிடும்.

4. ஒட்டுதல்

பிளைவுட்டிலிருந்து 1850 × 605 மி.மீ. அளவில் மூன்று துண்டுகளை வெட்டுங்கள். மேல் தோலின் மரநார் நீளவாட்டில் ஓட வேண்டும். ஒரு தாளில் இரண்டு துண்டு வரும். மீதியைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

பசை கலக்கும் முன், மூன்றையும் உலர்வாகவே அச்சில் வைத்து எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். எந்தக் கிளாம்ப் எங்கே, எந்தக் கட்டை எதன் மேல் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். எபாக்சி கலந்துவிட்டால் அரை மணி நேரம்கூடக் கையில் இருக்காது. வெயில் காலத்தில் அது இன்னும் குறையும்.

ரெசின், ஹார்டனர் விகிதம் டப்பாவில் எழுதியுள்ளபடி எடை போட்டோ அளந்தோ எடுக்கப்பட வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது மிக வழக்கமான தவறு. எபாக்சியில் அதிக ஹார்டனர் வேகத்தைக் கூட்டாது. இறுகாத பிசுபிசுப்பைத்தான் மிச்சம் வைக்கும். ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததும் ஆழமான கப்பிலேயே வைத்திருக்காமல் அகலமான தட்டில் ஊற்றுங்கள். கப்பில் அது தன் சூட்டாலேயே கொதித்துக் கெட்டியாகும்.

முதலில் எதுவும் கலக்காத எபாக்சியை ஒட்டவேண்டிய எல்லாப் பரப்பிலும் மெல்லிசாகத் தேய்த்து, மரத்தைக் குடிக்க விடுங்கள். பத்து நிமிடம் கழித்து, தூள் கலந்த எபாக்சியை ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு முகத்தில் பல்தகட்டால் இழுங்கள். குச்சியைத் தூக்கினால் சொட்டாமல், மெதுவாக வழிந்து நிற்பதே பதம். நேராகக் கெட்டிப் பசையைப் பூசினால் அதிலுள்ள ரெசினை மரம் உறிஞ்சிவிட, ஒட்டு வெறும் தூளாக நிற்கும்.

அடுக்கியதும் வால்பக்கத்திலிருந்து தொடங்கி மூக்கை நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். இரு முனையிலும் தொடங்கினால் நடுவில் காற்று சிக்கும். வளைந்த பகுதியில் ஒவ்வோர் அச்சுக் கட்டைக்கும் நேர் மேலே ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, அதன் இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். சட்டத்தின் அடிப்பக்கம் நடுவில் 2, 3 மி.மீ. பருத்திருக்கட்டும். நேர்ச் சட்டம் ஓரத்தை மட்டும் அழுத்தி நடுவை விட்டுவிடும். தட்டையான பகுதிக்கு மணல் மூட்டைகள் போதும். கிளாம்பை உயிர்போக இறுக்க வேண்டாம். ஓரத்தில் பசை முத்து முத்தாகப் பிதுங்கி வந்தால் அதுவே அளவு.

24 மணி நேரம் தொடாதீர்கள். குளிர்ந்த நாளில் இரண்டு நாள் விடுங்கள்.

5. வடிவம் வெட்டுதல், விளிம்பு

முதலில் நடுக்கோட்டைக் கீறுங்கள். எல்லா அளவையும் அந்தக் கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து அளந்தால் ஓரத்தின் கோணல் துளைக்கும் வந்து சேரும்.

1800 × 580 ஆக வெட்டி, மூக்கின் இரு மூலையையும் 180 மி.மீ. ஆரத்தில் வளையுங்கள். வால் மூலைக்கு 50 மி.மீ. போதும். மேல் விளிம்பு முழுவதையும், அடி விளிம்பில் மூக்கையும் பக்கங்களையும் நன்றாக உருட்டி, உப்புத்தாளால் தேயுங்கள். விழுகிறவரின் தாடையில் படும் இடம் இது, அதனால் அவசரம் வேண்டாம்.

வாலின் அடி விளிம்பை மட்டும் உருட்டக் கூடாது. அது கூர்மூலையாகவே இருக்கட்டும். பலகைக்கு அடியில் ஓடிவரும் நீர் அங்கே சட்டென்று பிரிந்துபோக வேண்டும். வளைந்த விளிம்பு என்றால் நீர் அதைத் தொற்றிக்கொண்டு மேலேறி, வாலைக் கீழே இழுக்கும்; எவ்வளவு வேகம் கொடுத்தாலும் பலகை உழுதுகொண்டே வரும். அழகுக்காக எல்லா விளிம்பையும் ஒரேபோல் உருட்டி, பிறகு எஞ்சினைக் குறை சொல்பவர்கள் நிறைய.

அடிப்பக்கம் வாலருகே, ஓரத்திலிருந்து 80 மி.மீ. உள்ளே தள்ளி, 300 மி.மீ. நீளமும் 20 மி.மீ. சதுரமும் உள்ள இரண்டு மரச் சட்டங்களை நீளவாட்டில் எபாக்சியால் ஒட்டுங்கள். பலகை பக்கவாட்டில் நழுவாமலிருக்க இவை உதவும். முனைகளை உருட்டிவிடுங்கள். உலோகத் துடுப்பு எதுவும் வேண்டாம்.

6. துளைகள்

மொத்தம் நாலு துளை.

இழுவைக்கு இரண்டு: மூக்கு நுனியிலிருந்து 300 மி.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 190 மி.மீ. தள்ளி. பிடிகயிற்றுக்கு இரண்டு: நடுக்கோட்டின் மேலேயே, நுனியிலிருந்து 400 மி.மீ., 440 மி.மீ. தூரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக.

இழுவைத் துளையை நுனிக்கு அருகே போட்டால் மரம் பிளக்கும். நடுவுக்கு அருகே கொண்டுபோனால் பலகை நேராக ஓடாமல் அலையும்.

எல்லாத் துளையையும் 20 மி.மீ. ஆகப் போடுங்கள். அடியில் டேப் ஒட்டி, கெட்டி எபாக்சியால் நிரப்பி இறுகவிடுங்கள். பிறகு இழுவைத் துளையை 12 மி.மீ. ஆகவும், பிடிகயிற்றுத் துளையை 10 மி.மீ. ஆகவும் மறுபடி துளையுங்கள். இப்போது கயிறு உரசுவது எபாக்சிக் குழாயில். மரநார் தண்ணீர் குடிக்க வழியே இல்லை. நேரடியாகத் துளைத்துப் பெயிண்ட் அடித்த பலகை, கயிறு நாலு முறை உரசியதும் துளையைச் சுற்றி ஊதத் தொடங்கும்.

இழுவைத் துளைகளின் மேல்புறம், மீந்த பிளைவுட்டில் வெட்டிய 80 மி.மீ. சதுரத் துண்டுகள் இரண்டிரண்டாக ஒட்டித் திண்டு போல அமையுங்கள். பிடிகயிற்றுத் துளைகளுக்கு அடியில், இரண்டையும் இணைத்து 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு சிறு காடி வெட்டி எபாக்சி பூசுங்கள். கயிறு அதற்குள் படுத்துக்கொண்டால் அடிப்பரப்பில் புடைப்பு இருக்காது.

7. பூச்சும் மேல்பரப்பும்

எபாக்சி மூன்று பூச்சு. விளிம்புகளுக்கு நாலு. பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, விளிம்பால். கடைசிப் பூச்சு இறுகியதும் மேலே மெழுகு போல வழவழப்பு இருந்தால் முதலில் தண்ணீரும் நார்த்தேய்ப்பானும் கொண்டு கழுவி, அதன் பிறகே உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்த வழவழப்பை மரத்தோடு சேர்த்துத் தேய்ப்பீர்கள். அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது. தேய்க்கும்போது முகமூடியும், எபாக்சி கலக்கும்போது கையுறையும் கட்டாயம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் எபாக்சியை அப்புறம் தொடவே முடியாமல் போகலாம்.

வெயில் எபாக்சியைக் கெடுக்கும். அதனால் மேலே பெயிண்ட் வேண்டும். நீல நிறம் அழகுதான். ஆனால் விழுந்த பிறகு மிதக்கும் பலகையை மற்றப் படகுக்காரர் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும். ஆரஞ்சோ மஞ்சளோ அடியுங்கள்.

வழுக்காமலிருக்க ஈரப் பெயிண்டில் மணல் தூவுவது பழைய வழி. நின்று ஓடுபவரின் பாதத்துக்கு அது நல்ல பிடி. மண்டியிடும் பிள்ளையின் முழங்காலையும், குப்புறப் படுப்பவரின் வயிற்றையும் அது உப்புத்தாளாகவே தேய்த்துவிடும். ஆகவே மூக்கிலிருந்து 600 மி.மீ. தள்ளி வால் வரை ஈவிஏ ஃபோம் ஒட்டுவதுதான் சரி. கான்டாக்ட் பசையை இரு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவு உலரவிட்டுப் பிறகு அழுத்துங்கள். பெயிண்ட் அடித்து ஒரு வாரம் ஆகும்வரை பலகை நீரைத் தொடக் கூடாது.

8. கயிறுகள்

இந்தப் பகுதிக்குத் தனியாக ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். மாலையில் களைப்போடு முடிச்சுப் போட வேண்டாம்.

*கவைக் கயிறு.* 10 மி.மீ. கயிற்றில் 3.5 மீட்டர் வெட்டி, முனைகளை உருக்கிக்கொள்ளுங்கள். சரியாக நடுவில் மடித்து, ஓர் உள்ளங்கை நீள வளையம் வரும்படி, '8' வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். இப்போது இரண்டு கால்கள் தொங்கும். ஒவ்வொரு காலையும் பலகையின் அடிப்பக்கத்திலிருந்து மேலே வரும்படி துளையில் நுழைத்து, வாஷரைக் கோத்து, மேலே அதே '8' வடிவ முடிச்சால் நிறுத்துங்கள். முடிச்சுக்கு வெளியே 80 மி.மீ. வால் விட்டு வெட்டுங்கள். ஃபோம் துண்டு ஒன்றைத் தொப்பி போல முடிச்சின் மேல் ஒட்டிவிடுங்கள்.

அடியிலிருந்து ஏன்? நீரின் தடை பலகையின் அடிப்பரப்பில் பின்னோக்கி இழுக்கிறது. கயிறு மேற்பரப்பிலிருந்து முன்னோக்கி இழுத்தால், இந்த இரண்டும் சேர்ந்து பலகையைக் குட்டிக்கரணம் போட வைக்கப் பார்க்கும். மூக்கு கீழே போகும். கயிறு அடியிலிருந்து வரும்போது அந்தத் திருகு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. வளைந்த மூக்கு கயிற்றுக்கு மேலே தலைதூக்கி நிற்கும்.

துளையிலிருந்து வளையம் வரை ஒவ்வொரு காலும் ஒரு மீட்டர். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பலகையின் நடுக்கோட்டுக்கு நேராக வளையத்தை இழுத்துப் பிடித்து, இரண்டையும் நாடாவால் அளங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முடிச்சை அவிழ்த்துச் சரிசெய்யுங்கள். முடிச்சுகள் முதல் இழுப்பில் இறுகி நீளம் மாறும். அதனால் ஒரு மரத்தில் மாட்டி முழுப் பலத்தோடு இழுத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

*பிடிகயிறு.* பழைய பலகைகளில் குதிரைக் கடிவாளம் போல இரு ஓரத்திலிருந்தும் கயிறு வந்து கைப்பிடியில் சேரும். சமநிலைக்கு அது வசதி. ஆனால் பலகைக்கும் கயிற்றுக்கும் நடுவே தலையோ கையோ நுழையும் பெரிய வளையம் உண்டாகிறது. பிள்ளைகள் ஏறும் பலகையில் அந்த வளையம் வேண்டவே வேண்டாம். நடுவில் ஒற்றைக் கயிறு போதும். 8 மி.மீ. கயிற்றை ஒரு துளையில் கீழே இறக்கி, காடி வழியாக மறு துளையில் மேலே ஏற்றி, பலகைமேல் ஒட்டினாற்போல முடிந்துகொள்ளுங்கள். மறுமுனையை உருண்டைக் கட்டையின் நடுத்துளையில் நுழைத்து நிறுத்து முடிச்சுப் போடுங்கள்.

நீளத்தைக் கரையிலேயே பாருங்கள். ஏறப்போகிறவர் பலகையில், மூக்கிலிருந்து 1200 மி.மீ. தூரத்தில் நின்று, கையை நீட்டி லேசாகப் பின்சாய்ந்தால் கயிறு விறைக்க வேண்டும். பெரியவர் நிற்க ஏறக்குறைய 1200 மி.மீ., பிள்ளை மண்டியிட 850 மி.மீ. வரும். நீளம் கூடினால் கயிறு தொய்ந்து காலில் சுற்றும்.

*இழுகயிறு.* படகிலிருந்து கவை வரை 15 முதல் 20 மீட்டர். குறைந்தால் படகின் அலைச் சுழிப்பிலும் எஞ்சின் புகையிலும் ஆள் இருப்பார். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. கூடினால் திருப்பத்தில் கட்டுப்பாடு போகும். படகு முனையில் இரு வளையங்களுக்கும் ஒரு கவை போட்டு, நடுவில் மிதவை கோத்து, புரொப்பெல்லரிலிருந்து கயிற்றை விலக்கி வையுங்கள். பலகைக் கவையின் வளையத்தோடு இழுகயிற்றின் வளையத்தை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் கோத்தால் போதும். இரும்புக் கொக்கி வைக்காதீர்கள். கயிறு அறுந்தால் அது எறிகல்லாகிவிடும்.

9. ஆளில்லாத ஓட்டம்

பலகை மட்டும், மணிக்கு 8 கி.மீ.யில் தொடங்கி மெதுவாக 20 கி.மீ. வரை. பின்னால் இருப்பவர் மூன்றைக் கவனிக்க வேண்டும்: மூக்கு நீருக்கு மேலே நிற்கிறதா, நேர்ப்பாதையில் படகின் நடுவுக்குப் பின்னாலேயே வருகிறதா, வேகத்தைக் குறைக்கும்போது மூக்கு குத்துகிறதா. கரைக்கு வந்ததும் முடிச்சுகளையும் கவையின் நீளத்தையும் திரும்பப் பாருங்கள். திருத்தம் இருந்தால் செய்துவிட்டு மறுபடி ஆளில்லாமலே ஓட்டுங்கள்.

10. ஏறும் வரிசை

இந்தப் பலகை சும்மா நிற்கும்போது ஆளைத் தாங்காது. பலகையின் எடை 11 முதல் 13 கிலோ. அதன் மிதப்புச் சக்தியில் மிச்சம் இருப்பது ஏழெட்டுக் கிலோதான். மேலே ஏறி உட்கார்ந்தால் அமிழ்ந்துவிடும். இதைப் பார்த்துப் பயந்து அடியில் ஃபோம் ஒட்டுகிறார்கள், தேவையில்லை. ஆளைத் தூக்குவது மரம் அல்ல, அடியில் ஓடும் நீர்.

1. லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பக்கிளையும் மாட்டுங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுக்கு ஏறக் கூடாது. காற்று நிரம்பும் வகை ஜாக்கெட் இதற்கு ஆகாது.
2. நீரில் இருந்தபடியே வால் பக்கமாக வந்து, மார்பு பலகையின் நடுவில் படும்படி குப்புறப் படுங்கள். இடுப்புக்குக் கீழே நீரில் தொங்கட்டும். வால் அமிழ்ந்து மூக்கு தானாக மேலே நிற்கும்.
3. இரு கையாலும் கைப்பிடி. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. கயிற்றுக்கு முன்னால் தவழக் கூடாது.
4. படகு மிக மெதுவாகத் தொய்வை எடுக்கும். கயிறு நீரைவிட்டு எழுந்து விறைத்த பிறகே ஆள் 'போகலாம்' என்று சொல்ல வேண்டும். தொய்வோடு வேகம் கொடுத்தால் முதல் வெட்டிலேயே கைப்பிடி பறிபோகும்.
5. 12 கி.மீ.யைத் தாண்டும்போது முகத்துக்கு முன்னால் குவிந்திருந்த நீர் சட்டென்று பின்னால் வழுக்கிப் போகும். இழுப்பு லேசாகும், அடியில் தடதடவென்ற சத்தம் கேட்கும். பலகை நீரின் மேல் ஏறிவிட்டதன் அடையாளம் இதுதான். அதற்குப் பிறகே முழங்காலை மேலே கொண்டுவாருங்கள்.
6. மண்டியிட்டு நன்றாகப் பழகிய பிறகு, ஒரு பாதம், அடுத்த பாதம். குந்திய நிலையில் ஐந்து நொடி நின்று, மெதுவாக நிமிருங்கள். கை நீண்டே இருக்க வேண்டும். கையை மடக்கிக் கயிற்றை இழுத்தால் உடல் முன்னே போகும், மூக்கு குத்தும்.

பலகையைத் திருப்ப, எடையைப் பக்கவாட்டில் மாற்றினால் போதும்.

11. படகில் இருவர்

ஓட்டுபவர் முன்னே பார்க்க வேண்டும். பின்னே பார்க்க இன்னொருவர் கட்டாயம். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவர் உடலில் மாட்டியிருக்க வேண்டும்.

பிள்ளை மண்டியிட்டால் 12 முதல் 18 கி.மீ., பெரியவர் நின்றால் 25 கி.மீ. வரை. அதற்கு மேல் நீர் மென்மையாக இருக்காது. சைகைகளைக் கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள்: கட்டைவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவாக, உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, தலையைத் தட்டினால் கரைக்கு. விழுந்தவர் இரு கையையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் நலம். காட்டாவிட்டால் அடிபட்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

விழுந்தவரை நெருங்கும்போது அவர் ஓட்டுபவரின் பக்கம் இருக்க வேண்டும், கண்ணுக்கு மறையக் கூடாது. கைக்கு எட்டும் தூரம் வந்ததும் எஞ்சினை முழுதாக அணையுங்கள். நியூட்ரல் போதாது.

12. கோளாறும் காரணமும்

- எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது: கவையின் கால்கள் சமமில்லை, பலகை குட்டையான காலின் எதிர்ப்பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு விலகும்.
- தொடக்கத்திலேயே மூக்கு குத்துகிறது: ஆள் மிக முன்னால் படுத்திருக்கிறார், அல்லது கயிறு மேலிருந்து கட்டப்பட்டிருக்கிறது.
- நீரின் மேல் எழும்பவே இல்லை: வாலின் அடி விளிம்பு உருண்டிருக்கிறது, அல்லது ஆள் மிகப் பின்னால் இருக்கிறார்.
- மூக்கு துள்ளித் துள்ளி அடிக்கிறது: எடை மிகப் பின்னால், வேகம் அதிகம். அரைச் சாண் முன்னே நகருங்கள்.
- அடுக்கு பிரிந்து விளிம்பில் கோடு தெரிகிறது: ஒட்டில் பசை போதவில்லை. உலர்த்தி, கோட்டுக்குள் எபாக்சி செலுத்தி அழுத்தலாம். இழுவைத் துளைக்கு அருகே என்றால் அந்தப் பலகையில் ஆள் ஏற்ற வேண்டாம்.

13. வட்டப்பலகையும் டியூபும்

வட்டப்பலகை இன்னும் எளிது: 18 மி.மீ. பிளைவுட்டில் 900 முதல் 1000 மி.மீ. விட்டம், அடி விளிம்பு சுற்றிலும் உருட்டியது, துளையே கிடையாது. ஏறியவர் படகிலிருந்து வரும் கயிற்றின் கைப்பிடியைப் பிடிக்கிறார். விட்டால் பலகை அங்கேயே நிற்கும். சுழன்று விளையாட இதுவே நல்லது. ஆனால் இழுப்பு முழுவதும் கையில் வருவதால் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது.

லாரி டியூபை இழுப்பவர்கள் டியூபையே சுற்றிக் கயிறு கட்டுகிறார்கள். கயிறு ரப்பரை அறுக்கும், வால்வு ஏறியவரின் தொடையைக் கிழிக்கும். கெட்டியான வலையோ துணி உறையோ போட்டு, கயிற்றை உறையில் கட்டுங்கள். வால்வு அடிப்பக்கம் போய் மூடியிருக்கட்டும். டியூபில் இருப்பவரால் எதையும் திருப்ப முடியாது. அவர் எங்கே போகிறார் என்பது முழுக்க ஓட்டுபவர் கையில்.

14. எடுத்துவைக்கும்போது

நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில், சாய்வாக நிறுத்தி உலரவிடுங்கள். தரையில் படுக்கப்போட்டால் அடியில் ஈரம் நிற்கும். பெயிண்ட் பெயர்ந்த இடத்தை அன்றே எபாக்சி தொட்டு மூடுங்கள். கயிற்றை அவிழ்த்து, வெயில் படாமல் தனியே தொங்கவிடுங்கள். அடுத்த பருவத்தில் அதை முறுக்கிப் பிரித்துப் பாருங்கள். நார் பொடிப்பொடியாக உதிர்ந்தால், வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கவை, பிடிகயிறு, இழுகயிறு மூன்றையும் மாற்றுங்கள்.